பூண்டு அறை

லுடிவினா கெலாசியோவிடம் மாணவர் ஆலோசகர் பொறுப்பைக் கொடுத்ததற்கு அவருடைய படிப்பு காரணமில்லை. எங்கள் பள்ளியில் கத்தாத ஆசிரியை அவர் ஒருவர்தான் என்பதுதான் காரணம். அந்த இடத்துக்கு லைசென்ஸ் பெற்ற ஆலோசகர் வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸ் பெற்றவர்கள் இலோயிலோ நகரத்துத் தனியார் கல்லூரிகளுக்கோ துபாய்க்கோ போய்விடுவார்கள். மழைக்காலத்தில் வகுப்பறைக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் எங்கள் கடலோரப் பள்ளிக்கு ஒருவரும் வந்ததில்லை. இடம் காலி என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். அதனால் பிரின்சிபல் தெவேசா ஒரு திங்கட்கிழமை, கொடியேற்றம் முடிந்த கையோடு அவரைக் கூப்பிட்டார்.

"மேம் லுடி, நீங்க நல்லொழுக்கப் பாடம்தானே எடுக்கறீங்க? இதையும் சேத்துப் பாத்துக்குங்க. பெரிய வேலை ஒண்ணுமில்ல. முடி வெட்டாம வர்றவன், வகுப்புல செல்போன் நோண்டறவன், அவ்வளவுதான்."

நான் அதே பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மூத்த பெண்களை அக்கா என்கிற பொருளில் மனாங் என்போம். அவர் எனக்கு மனாங் லுடி.

பொறுப்போடு ஓர் அறையும் வந்தது. கேன்டீனுக்குப் பின்புறம், ஒற்றை ஜன்னல் வைத்த சின்ன அறை. அதுவரை அது தண்டனை அறை. சுவரில் பிரம்பும் கத்தரிக்கோலும் தொங்கும். உள்ளே போன பையன்கள் தலையில் கோணல்மாணலாக வெட்டுப்பட்ட முடியோடு வெளியே வருவார்கள். மனாங் லுடி முதல் நாளே பிரம்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டுபோய் பிரின்சிபலின் மேசைமேல் வைத்தார். வீட்டிலிருந்து ஒரு பாயும் பழைய மின்விசிறியும் கொண்டுவந்து போட்டார்.

எடுத்த எடுப்பிலேயே அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். அவரிடம் முதலில் வந்தவன் வில்மர் என்ற பையன். வகுப்பில் எழுந்து ஆங்கிலம் வாசிக்கச் சொன்னால் அவன் முட்டி இரண்டும் அடித்துக்கொள்ளும். சில நாள் வாந்தியும் எடுப்பான். மனாங் அவனுடைய அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தார். மீன்பிடிக்கிறவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். வீட்டுக்குப் போனதும், "பெரிய மேம் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்று பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். வில்மர் அதற்குப்பிறகு பள்ளிக்கு வரவில்லை. எதிர்க்கரைத் தீவில் கரும்பு வெட்டப் போய்விட்டான் என்று அவன் தங்கை சொன்னாள்.

அது அவரை உலுக்கிவிட்டது. விடுமுறையில் நகரத்தில் நடந்த பயிற்சி வகுப்புக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே பேச வந்த மனநல மருத்துவர் பலோமாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எந்தப் பிள்ளையைத் தாமதிக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், எந்தப் பிள்ளையைப் பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் டாக்டர் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். 'பயப்படாதே' என்று சொல்லிப் பயனில்லை. பயம் அலைபோல ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்குகிறவரை பிள்ளை தாக்குப்பிடிக்கத் துணையாக இருந்தால் போதும் என்று அவர்தான் சொன்னார்.

பூண்டு வந்தது தற்செயல். கேன்டீன் கூரை ஒழுகியதால் சமையல்காரம்மா பூண்டுக் கூடையைக் கொண்டுவந்து இந்த அறையில் வைத்திருந்தார். அன்றைக்குப் பரீட்சையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பெண், யாரும் சொல்லாமலே ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். தோல் நகத்தில் ஒட்டும், கிழியும், மறுபடி பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு சீரானது. அதற்குப்பிறகு பூண்டுக் கூடை அங்கேயே இருந்துவிட்டது. உரிக்கத் தோன்றினால் உரிக்கலாம், பேசத் தோன்றினால் பேசலாம், இரண்டும் வேண்டாமென்றால் பாயில் படுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அதற்குப் பூண்டு அறை என்று பேர் வைத்தார்கள். கேன்டீன் அடோபோக் குழம்பில் கறியைவிடப் பூண்டு அதிகமாகிவிட்டது என்று நாங்கள் சிரிப்போம்.

"மனாங், இன்னிக்கு எத்தனை கிலோ பயம் உரிச்சீங்க?" என்று ஆசிரியர் அறையில் யாராவது கிண்டல் செய்வார்கள்.

"உன் வகுப்புப் பிள்ளைங்கதான் அதிகம் வந்தாங்க. நீயும் வா, ரெண்டு பல்லு உரி" என்பார்.

பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிடுவதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் மோட்டார் டிரைசிக்கிள் பிடித்து அவரே வீடுகளுக்குப் போவார். சில நாள் நானும் கூடப் போவேன். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஒருமுறை சொன்னார்:

"வாசல்ல நுழையும்போதே மார்க் என்னன்னு கேக்காதீங்க. முதல்ல சோறு போடுங்க."

"சோறு போடும்போதுதான் மேம் கேக்கவே தோணுது."

"அப்போ நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க. வாயில சோறு இருந்தா கேக்க வராது."

அந்த அம்மா சிரித்தார். ஆனால் செய்தார். அப்படிச் சில வீடுகள் மாறின. பல வீடுகள் மாறவில்லை. இருந்தாலும் பரீட்சை நாட்களில் மயங்கி விழுகிற பிள்ளைகள் குறைந்தார்கள். பிரின்சிபல் தெவேசா வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த அறையைத் திறந்து காட்டத் தொடங்கினார். 'முன்மாதிரி முயற்சி' என்று ஒரு சான்றிதழ் வந்தது. பிரின்சிபல் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டார். அதில் இருந்த பெயரும் அவருடையதுதான்.

என் பக்கத்து மேசை நோர்ஃபேவுடையது. ஆங்கில ஆசிரியை. கெட்டிக்காரி, கடுமையான உழைப்பாளி. தன் பள்ளிக்காலத்தில் அவள் கடைசி ஆண்டில் இரண்டாமிடம் வந்தவள். அரை மார்க்கில் முதலிடம் போயிற்று. அந்த முதலிடக்காரி இப்போது கனடாவில் இருக்கிறாள் என்பதைப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கொண்டுவந்து நிறுத்துவாள். கணவர் கப்பல் இன்ஜினியர். ஒரே மகள் கைசெல், எங்கள் பள்ளியிலேயே படித்தாள். முதல் வகுப்பிலிருந்து எதிலும் முதலிடம். நோர்ஃபே வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே சுவர் தெரியாது, மெடல்தான் தெரியும்.

கடைசி ஆண்டுத் தொடக்கத்தில், இயற்பியல் பரீட்சையில் கைசெல் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். "காலையில சாப்பிடாம ஓடிவந்துட்டா" என்றாள் நோர்ஃபே. அடுத்த பரீட்சையிலும் விழுந்தாள். அதற்கும் அதே காரணம் சொன்னாள். மூன்றாவது முறை கைசெல் விழவில்லை. எழுதிக்கொண்டிருந்த தாளை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து பூண்டு அறைக்குப் போய்விட்டாள். அவளுடைய விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கி விறைத்திருந்தனவாம்.

"மேம், நான் செத்துப்போயிடுவேனா?"

"நீ செத்தா நான்தான் பிரின்சிபலுக்கு விளக்கம் எழுதணும், இந்தாய். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. உக்காரு."

சின்னப் பெண்களை நாங்கள் செல்லமாக இந்தாய் என்போம். கைசெல் அழுகையினூடே சிரித்துவிட்டாள் என்று மனாங் பிறகு சொன்னார். 'இப்ப ஏறுது, ஏறட்டும், கொஞ்சத்துல இறங்கும்' என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அது இறங்கியும் விட்டது.

அன்று மாலை ஆசிரியர் அறையில் எல்லோரும் போனபிறகு, மனாங் நோர்ஃபேவிடம் டாக்டர் பலோமாரைப் பற்றிச் சொன்னார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" நோர்ஃபேயின் குரல் தாழ்ந்தது. "மனாங், இந்த ஊர்ல ஜீப்னி ஏறினாலே யாரு எங்க இறங்கறாங்கன்னு பாத்து வைப்பாங்க. நாளைக்கு அவ நர்ஸாகணும். வெளிநாடு போகணும்."

"சரி, டாக்டர் வேணாம்னா வீட்டுலயாவது கொஞ்சம் விட்டுப்பிடி. நேரத்தோட தூங்க விடு. அந்த மெடலையெல்லாம் கொஞ்ச நாள் பெட்டியில வை."

"மெடல் உங்கள என்ன பண்ணிச்சு?"

"என்னை ஒண்ணும் பண்ணல. நான் அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடறதில்ல."

நோர்ஃபே கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். கடைசியில், மகள் பூண்டு அறைக்கு வரலாம், ஆனால் கேன்டீன் பக்கத்துப் பின்கதவு வழியாக வர வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒத்துக்கொண்டாள். மெடல்கள் சுவரிலேயே இருந்தன.

அந்த ஆண்டு நடுவில் கைசெல்லைப் பார்த்தவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பரீட்சை அறையில் கதவோரம் உட்கார்ந்து எழுதுவாள். தேவைப்பட்டால் எழுந்துபோய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எழுதுவாள். விழவில்லை. பள்ளி வாசலில் மற்றப் பெண்களோடு நின்று மீன் உருண்டை வாங்கித் தின்றதை நானே பார்த்தேன். வாயெல்லாம் காரச்சாறு. அதுவரை அவளை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு தரவரிசை ஒட்டினார்கள். கைசெல் மூன்றாமிடம். நகரத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையன் முதலிடம்.

பலகைக்கு முன்னால் நோர்ஃபே நின்ற நிற்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மார்பில் கைப்பையை அணைத்துக்கொண்டு, வரிசையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். அன்று கப்பலிலிருந்து கணவர் கூப்பிட்டிருக்கிறார். "நடுக்கடல்ல நான் தூக்கம் கெட்டு வேலை பாக்கறேன், நீ அங்க பூண்டு உரிச்சிக்கிட்டு இருக்கியா?" என்று மகளிடம் கேட்டாராம். கைசெல் இதை மனாங்கிடம் வந்து சொன்னாள். அதுதான் அவள் பூண்டு அறைக்கு வந்த கடைசி நாள்.

இரண்டு வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். லைசென்ஸ் இல்லாதவர் ஆலோசனை தருகிறார் என்பது முதல் புகார். பிள்ளைகளைப் பாட நேரத்தில் கேன்டீனுக்கு வேலை வாங்குகிறார் என்பது இரண்டாவது. புகார் கொடுத்தது நோர்ஃபே. ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நான் உட்கார வேண்டியிருந்தது. பிரின்சிபல் அறை, சான்றிதழ் மாட்டிய சுவருக்கு முன்னால்.

"லைசென்ஸ் இருக்கா, மேம்?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

"பின்ன எப்படி ஆலோசனை சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "அத எந்தத் தலைப்புல எழுதறது?"

நான் பொறுக்கமாட்டாமல், "சார், பூண்டு அறையக் காட்டித்தானே அந்தச் சான்றிதழே வாங்கினாங்க? அப்போ யாரும் லைசென்ஸ் கேக்கலயே?" என்று பிரின்சிபலைப் பார்த்தேன்.

"அது அறைக்குக் குடுத்தது, மேம்" என்றார் பிரின்சிபல் தெவேசா அமைதியாக. "உள்ள என்ன நடந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு கைசெல்லைக் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு பக்கம், பிரின்சிபல் ஒரு பக்கம், நடுவில் நின்றாள். சீருடை இஸ்திரி போட்டு மொடமொடப்பாக இருந்தது.

"உன்னைப் பூண்டு உரிக்க வெச்சாங்களா?"

"உரிச்சேன், சார்."

"கட்டாயப்படுத்தினாங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். "மேம் வந்து..." என்றாள். நின்றாள். "மேம் வந்து..." மறுபடியும் அதுவே வந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. விரல்கள் மடங்க ஆரம்பித்தன.

"நேரா நின்னு சொல்லு, இந்தாய்" என்றாள் நோர்ஃபே.

"மேம் வந்து..."

மனாங் லுடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும் சார். நான்தான் உரிக்கச் சொன்னேன். கட்டாயப்படுத்தினேன்னே எழுதிக்குங்க. பிள்ளைய வெளிய அனுப்புங்க."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதிகாரிக்கு எழுத ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. கைசெல் மனாங்கை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

வெளியே வந்தபோது நான் கோபத்தில் இருந்தேன். "ஏன் மனாங் நீங்களே போய் ஒத்துக்கிட்டீங்க?"

"அவ விரலப் பாத்தியா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பா."

பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. லைசென்ஸ் பெற்ற ஆலோசகர் வரும்வரை அறையைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். உடைந்த நாற்காலிகளை உள்ளே அடுக்கினார்கள். பரீட்சைக் காலத்தில் சில பிள்ளைகள் பூட்டிய கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கேன்டீன்காரம்மா சொல்வார். மனாங்கின் வகுப்பு வாசலில் வந்து நின்றவர்களிடம், "உங்க வகுப்பு ஆசிரியர்கிட்ட போய்ச் சொல்லுப்பா" என்று அவர் அனுப்பிவிடுவார். எழுத்தில் தடை போட்டிருந்தார்கள்.

கைசெல் கடைசியில் முதலிடம் வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுடைய கண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது. பட்டமளிப்பு மேடையில், அம்மா எழுதிக்கொடுத்த உரையை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். கடவுளுக்கும் பெற்றோருக்கும் பிரின்சிபலுக்கும் நன்றி சொன்னாள். ஆசிரியர் வரிசையில் உட்கார்ந்து மனாங்கும் கை தட்டினார். அப்பா கப்பலிலிருந்து வந்து பன்றி சுட்டு ஊருக்கே விருந்து வைத்தார். எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. மனாங்குக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

கைசெல் நகரத்தில் நர்சிங் சேர்ந்தாள். முதல் ஆண்டு எப்படியோ ஓடியது. இரண்டாம் ஆண்டில் ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நோயாளிக்கு ஊசி போட வேண்டும், பயிற்சி ஆசிரியையும் மற்ற மாணவிகளும் சுற்றி நின்று பார்ப்பார்கள். கைசெல் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வார்டைவிட்டு நடந்தாள். சீருடையோடு ஜீப்னி ஏறி வீட்டுக்கு வந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு ஆட்கள் பார்க்க அவள் வெளியே வரவேயில்லை. அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துக்கொள்வாள். நோர்ஃபே பள்ளியில் முதலில் டெங்கு என்றாள், பிறகு ரத்தசோகை என்றாள். மாதங்கள் போனபின் நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நான் மனாங் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் புதிதாகக் கட்டிய கோழிக்கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நோர்ஃபே வந்து நின்றாள். குடைகூட இல்லை.

"மனாங்..."

மனாங் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே திரும்பாமல் சொன்னார். "கேட் தொறந்துதான் இருக்கு. உள்ள வர்றதுக்கு முன்னாடி எனக்கு லைசென்ஸ் இருக்கான்னு விசாரிச்சுக்கோ."

"அவ உங்களத்தான் கேக்கறா."

"நான் பூண்டு உரிக்க வெப்பேனே. குழந்தைத் தொழிலாளர் கேஸாயிடும்."

"அவளுக்குப் பத்தொம்போது வயசாச்சு, மனாங்."

"அப்போ கூலி குடுக்கணும்."

அவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் கணவரே தலையைக் குனிந்துகொண்டார். நோர்ஃபே அழவும் இல்லை, போகவும் இல்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். மனாங் உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார்.

"அன்னிக்குச் சொன்ன அதே டாக்டர். இன்னும் அங்கதான் இருக்காங்க. கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போறேன். இப்ப ஜீப்னில யார் பாத்தாலும் பரவால்ல. ஆனா அவ கதவத் தொறக்கணுமே, மனாங்."

சனிக்கிழமை மனாங் போனார். என்னையும் வரச் சொன்னார். நோர்ஃபே எங்களை உள்ளே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மனாங் கைசெல்லின் அறைக்கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"இந்தாய், லுடி மேம் வந்திருக்கேன். நீ பேச வேணாம். நான் சும்மா இங்க இருக்கேன்."

உள்ளே மின்விசிறி ஓடுவது கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், குரல் வந்தது. அவளும் தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மேம், நீங்க ஏன் அன்னிக்கு எழுந்திரிச்சீங்க?"

மனாங்குக்குப் புரியவில்லை. "என்னிக்கு, இந்தாய்?"

"பிரின்சிபல் ரூம்ல. நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல."

"உன்னால முடியல. விரலெல்லாம் மடங்கிப்போச்சு. விழுந்துடுவியோன்னு நெனச்சேன்."

"விழுந்திருப்பேன். விழுந்து எழுந்து சொல்லியிருப்பேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துடுச்சு, மேம். 'மேம் என்னைக் கட்டாயப்படுத்தல, நானாத்தான் போனேன்.' அவ்வளவுதான் சொல்லணும். நீங்க முந்திக்கிட்டீங்க." குரல் நின்றது, மறுபடி வந்தது. "ஏறும், அப்புறம் தானா இறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்களே நம்பல."

மனாங் கதவைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்புறம் எங்க போய் நின்னாலும், யாராவது எழுந்திரிச்சு எனக்குப் பதிலா சொல்லிடுவாங்க, என்னை வெளிய அனுப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில யாரும் எழுந்திரிக்கல."

நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று மனாங் என் பக்கம் கையை நீட்டித் தடுத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஆமா, இந்தாய். நான் நம்பல" என்றார். ஆறுதல் சொல்வார், நியாயம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பதவி உயர்வு போனதைப் பற்றியோ கண்டனம் ஏறியதைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தோம். அன்றிரவு கைசெல் கதவைத் திறந்து அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தாளாம். கூடத்துக்கு வருவதற்குமுன் ஒன்று கேட்டிருக்கிறாள். நோர்ஃபே ஸ்டூலைப் போட்டு ஏறி மெடல்களையெல்லாம் கழற்றினாளாம்.

அடுத்த வாரம் டாக்டர் பலோமாரிடம் போனார்கள். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்தார். கைசெல் முதலில் சந்தைக்குப் போனாள், பிறகு தேவாலயத்துக்கு. நர்சிங் பக்கம் திரும்பவில்லை. இப்போது நகரத்தில் ஒரு கால் சென்டரில் வேலை. முகம் தெரியாத அமெரிக்கர்களின் திட்டுகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறாள். நன்றாகவே சமாளிக்கிறாள் என்று நோர்ஃபே சொல்கிறாள். நோர்ஃபே இப்போதெல்லாம் கனடாக்காரியின் பேச்சை எடுப்பதில்லை. அவள் கணவர்தான் ஊருக்கு வரும்போதெல்லாம், எல்லாவற்றுக்கும் அந்தப் பூண்டு மேம்தான் காரணம் என்று டிரைசிக்கிள் நிறுத்தத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

பிரின்சிபல் தெவேசா கல்வி அலுவலகத்துக்கே பதவி உயர்ந்து போனார். சான்றிதழையும் கழற்றிக்கொண்டு போனார். லைசென்ஸ் பெற்ற ஆலோசகர் இன்னும் வரவில்லை. புதிதாக வந்த பிரின்சிபல் அம்மா, நல்லவர், பழைய கதையைக் கேள்விப்பட்டு மனாங்கைத் தேடி வகுப்புக்கே வந்தார்.

"மேம் லுடி, தடையெல்லாம் நான் பாத்துக்கறேன். அந்த அறையத் தொறந்து குடுக்கறேன். மறுபடி உக்காருங்களேன்."

"வேணாம் மேம்."

"பிள்ளைங்களுக்கு நீங்க தேவை."

"அவங்களுக்கு வேண்டியது தெரிஞ்ச ஆளு. ஒரு ஆள வரவழைக்கப் பாருங்க. சம்பளத்த ஏத்தினா வருவாங்க."

பிரின்சிபல் அம்மா என்னைப் பார்த்தார். மனாங் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிவிட்டார். ஓய்வு பெறும்வரை நல்லொழுக்கப் பாடம் மட்டும் எடுத்தார். புத்தகத்தில் உள்ளதை எடுத்தார், மணி அடித்ததும் வெளியே வந்தார்.

ஓய்வு பெற்றபிறகு ஒருநாள் சந்தையில் அவரைப் பார்த்தேன். முதல் நாள்தான் நகரத்திலிருந்து திரும்பும் ஜீப்னியில் கைசெல்லைப் பார்த்ததாகச் சொன்னார். எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில், முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். உடம்பு தேறியிருந்ததாம், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாளாம். "மேம், நல்லா இருக்கீங்களா?" என்று அவளேதான் முதலில் கேட்டாளாம். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம்.

"அவ்வளவுதானா? ஊர் வரைக்கும் சேந்துதானே வந்திருப்பீங்க?" என்றேன்.

"இல்ல. நான் பாலத்துலயே கூரையத் தட்டி எறங்கிட்டேன். மிச்ச தூரம் நடந்தேன்."

"அவ்வளவு தூரமா? ஏன் மனாங்?"

அவர் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தவ, கைய மெதுவா பைக்குள்ள விட்டுக்கிட்டா. விரல் மடங்க ஆரம்பிச்சிடுச்சு. என்னைப் பாத்துத்தான்."